நர்ஸ் ஏன் திருப்பிக் கேக்கல: ஆளப் பாக்கறதா, சூழ்நிலையப் பாக்கறதா?

என் சித்தி பொண்ணு எம்.எஸ்சி. நர்சிங் ரெண்டாவது வருஷம் படிக்கிறா. போன மாசம் ஒருநாள் நைட்டு பத்தரை மணிக்கு போன், "அக்கா தூங்கிட்டியா, ஒரே ஒரு டவுட்டு"ன்னு ஆரம்பிச்சு ஒன்றரை மணி நேரம் பேசினா. திசிஸ்க்கு அவ எடுத்திருக்கிற கேள்வி இதுதான்: டாக்டர் சொல்ற டோஸ் தப்புன்னு தோணினாலும் ஜூனியர் நர்ஸ் ஏன் திருப்பிக் கேக்கறதில்ல? இது சும்மா வந்த கேள்வி இல்ல. அவ மொதல்ல வேலை பாத்த ஒரு ஆஸ்பத்திரில கூட இருந்த பொண்ணு, ஒரு ஆர்டர் மேல சந்தேகம் இருந்தும் கேக்காம ஊசி போட்டுட்டா, நல்லவேளை பேஷண்ட்டுக்கு ஒண்ணும் ஆகல, ஆனா மெமோ அந்தப் பொண்ணுக்கு மட்டும்தான் வந்துச்சு, ரெண்டு மாசத்துல வேலைய விட்டே போயிட்டா. "அவ பயந்தாங்கொள்ளின்னு எல்லாரும் பேசினாங்கக்கா, நானா இருந்தாலும் அதத்தான் பண்ணிருப்பேன்"னு சொன்னா.

இப்ப அவளுக்கு இருக்கிற சிக்கல் என்னன்னா, கைடு மேடம் பர்சனாலிட்டி ஸ்கேல் எடுக்கச் சொல்றாங்க. நூறு ஸ்டாஃப் நர்ஸ், ஒரு பர்சனாலிட்டி கொஸ்டினேர், ஒரு கீழ்ப்படிதல் கொஸ்டினேர், ரெண்டுக்கும் எவ்ளோ தொடர்புன்னு கோரிலேஷன் போட்டா ஆறு மாசத்துல முடிஞ்சிடும். இவளுக்கு ஆள விட்டுட்டு சூழ்நிலையப் பாக்கற சோஷியல் அப்ரோச் பக்கம் மனசு போகுது, ஆனா நெட்ல தேடினா, கட்டளை போட்டா மனுஷன் இன்னொருத்தருக்கு ஷாக் குடுப்பானான்னு பாத்த மில்கிராம் ஆய்வு ஏமாத்து, போலி ஜெயில் நடத்தின ஜிம்பார்டோ ஆய்வு நாடகம், சோஷியல் சைக்காலஜியே ஆட்டம் கண்டுருச்சுன்னு வரிசையா வருது, பயந்துட்டா. நான் ஒன்பது வருஷமா காலேஜ்ல சைக்காலஜி எடுக்கிறேன், அன்னிக்கு போன்ல சொன்னதயும் அப்புறம் யோசிச்சதயும் சேத்து இங்க எழுதறேன், இதே குழப்பத்துல வேற யாராவது இருந்தா உதவட்டும்.

மூளைய ஆராயற வழியும் ஒண்ணு இருக்கு, அத சீக்கிரமா சொல்லிட்டுத் தாண்டிடலாம். ஒருத்தர் கட்டளை போட்டு நாம ஒண்ணச் செய்யும்போது, இது நான் செஞ்சதுங்கற உணர்வே குறையுதுன்னு 2016ல லண்டன்ல காஸ்பர், ஹாக்கார்ட் குழு காட்டினாங்க, அருமையான வேலை. ஆனா அதுக்கு மூளையோட மின் அலைய அளக்கற ஈஈஜி மெஷினும் லேபும் வேணும், ஒரு நர்சிங் மாணவியால ஒரு வருஷத்துல முடியாது. ஆக மிச்சம் ரெண்டுதான்.

மொதல்ல கைடு மேடம் சொல்ற வழி. அத மட்டமா பேசக்கூடாது, அதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. நாஜிக்கள் செஞ்சதப் பாத்து அதிர்ந்துபோய், எப்படிப்பட்ட ஆளுங்க இதுக்குத் தலையாட்டுவாங்கன்னு அடோர்னோவும் அவர் கூட இருந்தவங்களும் அமெரிக்கால ஆராய்ஞ்சு 1950ல அதிகாரத்துக்குப் பணியற குணத்த அளக்க எஃப் ஸ்கேல்னு ஒரு கொஸ்டினேரக் கொண்டு வந்தாங்க, கடுமையா கண்டிச்சு வளக்கப்பட்ட புள்ளைங்க பெரியவங்களானதும் மேல இருக்கறவங்களுக்குப் பணிஞ்சு கீழ இருக்கறவங்கள மிதிப்பாங்கங்கறது அவங்க வாதம். அந்த ஸ்கேல்ல பெரிய ஓட்டை, எல்லா வாக்கியமும் ஒரே திசைல இருக்கும், அதனால எதுக்கும் ஆமான்னு டிக் போடற ஆளு தானா அதிக மார்க் வாங்கிடுவாரு. ஆனா விஷயம் அதோட செத்துப் போகல. 1966ல எல்ம்ஸும் மில்கிராமும் சேந்து, மில்கிராமோட ஷாக் சோதனைல கடைசி வரைக்கும் ஷாக் குடுத்த 20 பேரயும் மறுத்த 20 பேரயும் கூப்பிட்டு சோதிச்சாங்க, கீழ்ப்படிஞ்சவங்களுக்கு எஃப் ஸ்கேல்ல மார்க் அதிகம். பிரான்ஸ்ல டிவி கேம் ஷோ மாதிரி செட் போட்டு அதே ஷாக் சோதனைய நடத்தினாங்க, அதுல கலந்துகிட்டவங்கள பின்னாடி பிடிச்சு பெக் குழு 2015ல வெளியிட்ட ஆய்வுல, பொறுப்பா இருக்கறவங்களும் எல்லார்கிட்டயும் இணக்கமா போறவங்களும்தான் அதிக வோல்ட் வரைக்கும் போனாங்கன்னு வந்துச்சு.

இந்த இடத்துல நின்னு யோசிக்கச் சொன்னேன் அவள. பொறுப்பு, இணக்கம். ஒரு நல்ல நர்ஸ்கிட்ட நாம தேடறதே அதத்தானே? நேரத்துக்கு மருந்து குடுக்கறது, சார்ட்ட ஒழுங்கா எழுதறது, வலில கத்தற பேஷண்ட்கிட்டயும் பொறுமையா பேசறது எல்லாம் அந்தக் குணத்துல இருந்துதான வருது. நாளைக்கு உன் திசிஸ்ல "இணக்கமான நர்ஸுங்கதான் தப்பான ஆர்டருக்கும் தலையாட்டறாங்க"ன்னு ரிசல்ட் வந்தா நர்சிங் சூப்பரிண்டெண்ட் என்ன செய்ய முடியும், இணக்கம் இல்லாத ஆளா பாத்து வேலைக்கு எடுப்பாங்களா? ரிசல்ட் உண்மையாவே இருக்கலாம், ஆனா அத வெச்சு வார்டுல ஒரு நாற்காலியக் கூட நகத்த முடியாது. அதுக்கு மேல, மெமோ வாங்கிட்டுப் போன அந்தப் பொண்ண "அவ அப்படிப்பட்டவ"ன்னு சொன்னாங்கல்ல, அதுக்கே நாம ஒரு நம்பரும் குடுத்துடுவோம்.

சரி, சோஷியல் அப்ரோச். இதோட அடிப்படை ரொம்ப சிம்பிள், ஆள மாத்தாத, சூழ்நிலைய மாத்து, நடத்தை மாறுதான்னு பாரு. 1961ல யேல் யுனிவர்சிட்டில மில்கிராம் ஆரம்பிச்சது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, நாலு டாலர் கூலிக்கு வந்தவங்க தப்பா பதில் சொல்றவருக்கு ஷாக் குடுக்கணும், 15 வோல்ட்ல இருந்து 450 வரைக்கும் 30 ஸ்விட்ச், பக்கத்து ரூம்ல ஷாக் வாங்கற மாதிரி நடிக்கற நடிகர், ஷாக்கெல்லாம் பொய். 1963ல வந்த பேப்பர்ல 40 ஆம்பளைங்கள்ல 26 பேர் கடைசி ஸ்விட்ச் வரைக்கும் போனாங்க, அதாவது 65%. சைக்யாட்ரிஸ்டுங்ககிட்ட முன்னாடியே கேட்டப்ப ஆயிரத்துல ஒருத்தர் போனா பெருசுன்னு சொல்லிருந்தாங்க.

எல்லாரும் அந்த 65%ஐ மட்டும் பிடிச்சுக்கறாங்க, புகழறவங்களும் சரி திட்டறவங்களும் சரி. எனக்கு அதுல வருத்தம் உண்டு. ஏன்னா அந்த ஒத்த நம்பர வெச்சு சூழ்நிலையப் பத்தி எதுவுமே சொல்ல முடியாது. ஒரு ரூம்ல நூத்துக்கு அறுபத்தஞ்சு பேர் கீழ்ப்படிஞ்சாங்கன்னா அது அவங்க குணமாவும் இருக்கலாம், ரூமோட வேலையாவும் இருக்கலாம், எப்படித் தெரியும்? ரூம மாத்தினாத்தான் தெரியும். மில்கிராம் மாத்தினாரு, 1974ல அவர் எழுதின புக்ல 18 சோதனை இருக்கு. அந்த நடிகர அதே ரூம்ல உக்கார வெச்சா 40%க்கு இறங்குது. அவர் கையப் பிடிச்சு ஷாக் தட்டு மேல அழுத்தச் சொன்னா 30%. கட்டளை போடறவர் வெளிய போயி போன்ல பேசினா ஏறக்குறைய 20%. யேல் பேர எடுத்துட்டு பிரிட்ஜ்போர்ட் ஊர்ல ஒரு சாதாரண ஆபீஸ் கட்டடத்துல நடத்தினா 47.5%, நான் எதிர்பாத்த அளவுக்குக் குறையல. கூட உக்காந்த ரெண்டு பேர் "எங்களால முடியாது"ன்னு எழுந்துட்டா 10% ஆயிடுது. ஸ்விட்ச்ச வேற ஒருத்தர் தட்டுவாரு, நீ பக்கத்துல இருந்து கேள்வி மட்டும் படின்னா 40ல 37 பேர் கடைசி வரைக்கும் இருந்தாங்க. கட்டளை போடற ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் முரண்பட்டா ஒருத்தர் கூட முழுசா போகல.

இவங்கெல்லாம் ஒரே வட்டாரத்துல ஒரே மாதிரி விளம்பரம் பாத்து வந்த ஜனங்க. சராசரி குணம் ஒரு வேரியேஷன்ல இருந்து அடுத்ததுக்கு இவ்ளோ மாறாது, ஆனா நடத்தை பூஜ்யத்துல இருந்து தொண்ணூறுக்கு மேல வரைக்கும் மாறுது. சோஷியல் அப்ரோச்ச எடை போடணும்னா இந்த ஏத்த இறக்கத்த வெச்சுத்தான் எடை போடணும்னு அவகிட்ட மூணு தடவ சொன்னேன்.

நர்ஸ் விஷயத்துக்கு இதவிட நெருங்கின சோதனை இருக்கு, இவ திசிஸ்க்கு முதுகெலும்பே அதுதான். 1966ல அமெரிக்கால ஹாஃப்லிங்னு ஒரு சைக்யாட்ரிஸ்ட், நிஜ ஆஸ்பத்திரில, நிஜ டூட்டில இருந்த 22 நர்ஸுக்கு சாயங்கால நேரத்துல போன் போட வெச்சாரு. "நான் டாக்டர் ஸ்மித், ஜோன்ஸ்ங்கற பேஷண்ட்டுக்கு ஆஸ்ட்ரோட்டென் 20 மில்லிகிராம் குடுத்துடுங்க, பத்து நிமிஷத்துல வந்து கையெழுத்து போடறேன்." டப்பா மேல ஒரு நாளைக்கு அதிகபட்சம் 10 மில்லிகிராம்னு எழுதிருக்கு. போன்ல ஆர்டர் வாங்கக் கூடாதுங்கறது ரூல், அந்த மருந்து வார்டு லிஸ்ட்லயே இல்ல, டாக்டர் யாருன்னே தெரியாது. 22ல 21 பேர் குடுக்கக் கிளம்பிட்டாங்க, பெட் பக்கம் போறதுக்குள்ள நிறுத்திட்டாங்க, உள்ள இருந்தது வெறும் குளுக்கோஸ். இதே நிலைமைய பேப்பர்ல எழுதி வேற 12 நர்ஸ்கிட்ட "நீங்க என்ன செய்வீங்க"ன்னு கேட்டப்ப 10 பேர் குடுக்க மாட்டோம்னாங்க, நர்சிங் படிக்கிற 21 மாணவிகள்ல அத்தன பேரும் குடுக்க மாட்டோம்னாங்க.

இந்த இடம் கைடு மேடம் சொல்ற கொஸ்டினேர் வழிக்கு நேரடியான அடி. வாயால சொல்றதுக்கும் டூட்டில செய்யறதுக்கும் நடுவுல இவ்ளோ பள்ளம் இருக்குன்னா, நூறு பேர்கிட்ட "டாக்டர் தப்பா சொன்னா கேப்பீங்களா"ன்னு பேப்பர் குடுத்து வாங்கற பதிலுக்கு என்ன மதிப்பு?

ஆனா ஹாஃப்லிங்கோட நிறுத்திக்கிட்டா நாமளும் ஒரு நம்பரப் பிடிச்சுக்கறோம்னு அர்த்தம். 1977ல ராங்க், ஜேக்கப்சன்னு ரெண்டு பேர் திரும்ப நடத்தினாங்க, இந்தத் தடவ மருந்து வேலியம், நர்ஸுங்களுக்கு நல்லா தெரிஞ்ச மருந்து, போன்ல பேசற டாக்டரும் தெரிஞ்ச பேரு, பக்கத்துல இருக்கிற மத்த நர்ஸ்கிட்ட பேசிக்கலாம். 18 பேர்ல சொன்னபடியே குடுக்கத் தயாரா இருந்தது 2 பேர்தான். இத பாத்துட்டு ஹாஃப்லிங் ஆய்வு பொய்யாயிடுச்சுன்னு எழுதறாங்க, நான் அப்படிப் படிக்கல. மருந்தப் பத்தின அறிவு இருக்கு, கேக்கறதுக்குப் பக்கத்துல ஆளு இருக்கு, இந்த ரெண்டும் மாறினதும் நடத்தை தலைகீழா மாறிடுச்சு, இது சோஷியல் அப்ரோச் சொல்றதுக்கு ஆதரவுதான? பத்து வருஷ இடைவெளில காலமும் நர்ஸுங்களோட அந்தஸ்தும் மாறிருக்கும், அதையும் சேத்துக்கணும், எது எவ்ளோ வேலை செஞ்சுதுன்னு இந்த ரெண்டு ஆய்வ மட்டும் வெச்சுப் பிரிக்க முடியாது. அந்தப் பிரிக்கற வேலையத்தான் நீ செய்யப் போறன்னு சொன்னேன், அவ அப்பதான் கொஞ்சம் நிமிந்து உக்காந்திருப்பான்னு நினைக்கிறேன், குரல் மாறுச்சு.

இப்ப சோஷியல் அப்ரோச் மேல இருக்கிற குத்தம். இத மறைச்சா நான் அவளுக்கு துரோகம் பண்றதா ஆயிடும், வைவால மாட்டுவா.

மில்கிராம் சோதனைல எத்தன பேர் ஷாக் நிஜம்னு நம்பினாங்கங்கற கேள்வி ரொம்பப் பழசு, 1968லயே ஓர்னும் ஹாலண்டும் கிளப்பிட்டாங்க. ஜீனா பெர்ரிங்கற ஆஸ்திரேலிய எழுத்தாளர் யேல்ல இருக்கிற ஒலிப்பதிவுகள உக்காந்து கேட்டு, கட்டளை போட்டவர், தயங்கறவங்ககிட்ட சொல்லணும்னு முன்னாடியே எழுதி வெச்சிருந்த நாலு வாக்கியத்தோட நிக்கல, விடாம வற்புறுத்திருக்காரு, பல பேருக்கு அது நாடகம்னு முழுசா அப்பவே சொல்லல, மாசக்கணக்கா ஒருத்தர கொன்னிருப்போமோங்கற நினைப்போட சில பேர் இருந்துருக்காங்கன்னு வெளிய கொண்டு வந்தாங்க. இத படிச்சப்ப எனக்கு நிஜமா கோவம் வந்துச்சு, வகுப்புல அத்தன வருஷம் "சோதனை முடிஞ்சதும் எல்லாருக்கும் விளக்கிட்டாங்க"ன்னு நானே சொல்லிக் குடுத்திருக்கேன். டயானா பவுமிரிண்ட்ங்கற சைக்காலஜிஸ்ட் 1964லயே ஒழுக்க ரீதியா இது சரியான்னு கேட்டாங்க, அந்தக் கேள்வி இன்னிக்கும் நிக்குது.

அப்புறம் ஜிம்பார்டோ. 1971ல ஸ்டான்ஃபோர்ட்ல பேஸ்மெண்ட்ல போலி ஜெயில், பசங்கள்ல சில பேர் கார்டு, சில பேர் கைதி, ரெண்டு வாரத்துக்குத் திட்டம் போட்டது ஆறே நாள்ல நின்னுச்சு. அத உன் திசிஸ்ல தூணா நிறுத்தாதன்னு தெளிவா சொல்லிட்டேன். கார்டுங்களுக்கு எப்படி நடந்துக்கணும்னு முன்னாடியே சொல்லிக் குடுத்துருக்காங்கன்னு லெ டெக்ஸியர் 2019ல ஆவணத்தோட எழுதினாரு. 2007ல கார்னஹானும் மெக்ஃபார்லண்டும் ரெண்டு விதமா விளம்பரம் குடுத்துப் பாத்தாங்க, "ஜெயில் வாழ்க்கை"ன்னு போட்ட விளம்பரத்துக்கு வந்தவங்க, அந்த வார்த்தை இல்லாத விளம்பரத்துக்கு வந்தவங்கள விட ஆக்ரோஷம் அதிகம், பரிவு கம்மி. அதாவது ஆளே தன்னோட குணத்துக்கு ஏத்த சூழ்நிலையத் தேடிப் போறாரு, இங்க பர்சனாலிட்டி பக்கத்துக்கு ஒரு பாயிண்ட் குடுத்தே ஆகணும். ஹஸ்லமும் ரைக்கரும் பிபிசிக்காக 15 பேர வெச்சு நடத்தினதுல கார்டுங்க தங்கள ஒரு குழுவாவே நினைக்கல, அதிகாரமே சரிஞ்சு போச்சு. டிரெஸ்ஸும் பதவியும் குடுத்தாலே மனுஷன் கொடூரமாயிடுவான்ங்கற கதை இதுக்கு மேல எடுபடாது.

2015ல நூறு சைக்காலஜி ஆய்வுகளத் திரும்ப நடத்திப் பாத்தாங்க, புள்ளியியல் ரீதியா தேறினது 36%, அதுல சோஷியல் சைக்காலஜி மட்டும் எடுத்தா நாலுல ஒண்ணு, ஞாபகம், சிந்தனை பத்தின காக்னிட்டிவ் ஆய்வுகள்ல பாதி. வலிக்கிற நம்பர். ஒரே ஒரு ஆய்வ மட்டும் நம்பி அத்தியாயம் எழுதாதன்னு நான் சொல்றதுக்குக் காரணம் இதுதான். மில்கிராமப் பொறுத்த வரைக்கும் பர்கர் 2009ல 150 வோல்ட்லயே நிறுத்திடற மாதிரி பாதுகாப்பா நடத்தி 70% பேர் மேல போகத் தயாரா இருந்ததப் பாத்தாரு, பிளாஸ் பல நாட்டு ஆய்வுகளத் தொகுத்து அமெரிக்கால சராசரி 61%, வெளில 66%ன்னு காட்டினாரு. அடிப்படை நடத்தை நிக்குது.

விளக்கம்தான் ஆடுது. "ஏஜெண்டிக் ஸ்டேட்"னு மில்கிராம் சொன்னது, மேலதிகாரியோட கருவியா மாறிடறோம், பொறுப்பு நம்மளுதுன்னு தோணாதுங்கறது. சரி, ஏன் கீழ்ப்படிஞ்சாங்க? அந்த நிலைக்குப் போனாங்க. அந்த நிலைக்குப் போனாங்கன்னு எப்படித் தெரியும்? கீழ்ப்படிஞ்சாங்களே. வட்டமா சுத்துது. மறுத்த 35% பேர் ஏன் போகலங்கறதுக்கும் பதில் இல்ல. இன்னொண்ணு பாருங்க, தயங்கறவங்ககிட்ட சொல்ற அந்த நாலு வாக்கியத்துல கடைசி, "உங்களுக்கு வேற வழியே இல்ல, தொடரணும்"ங்கறதுதான் அப்பட்டமான கட்டளை, பர்கர் ஆய்வுல அது வரைக்கும் போனவங்க யாருமே அதக் கேட்டுட்டுத் தொடரல. கட்டளையா சொன்னா மறுக்கறாங்க, "ஆய்வுக்கு இது தேவை"ன்னு சொன்னா செய்யறாங்க. அதனால ஹஸ்லமும் ரைக்கரும் இது கண்மூடித்தனமான கீழ்ப்படிதல் இல்ல, ஒரு நல்ல காரியத்துக்கு உதவறோம்னு நம்பிக் கூடப் போறதுன்னு சொல்றாங்க. எனக்கு வார்டப் பத்தி யோசிக்கும்போது இதுதான் பொருந்தற மாதிரி இருக்கு. நர்ஸ் டாக்டருக்குப் பயந்து மட்டும் வாய மூடிக்கறதில்ல, அவருக்கு நம்மள விடத் தெரியும், பேஷண்ட் நல்லதுக்குத்தான் சொல்வாருன்னு நம்பி மூடிக்கறாங்க.

கடைசியா ஒரு வித்தியாசம், என் மனச முடிவு பண்ண வெச்சது. சோஷியல் பக்கம் இருந்து வர்ற பதில வெச்சு ஏதாவது செய்ய முடியும். 1977 மார்ச் 27, ஸ்பெயினோட டெனரிஃப் தீவு ஏர்போர்ட்ல ரெண்டு ஜம்போ ஜெட் மோதி 583 பேர் செத்தாங்க. மூடுபனி, ரேடியோல ஒரே நேரத்துல பேசினதுல வார்த்தை கேக்காம போனதுன்னு பல காரணம், ஆனா கேஎல்எம் விமானத்துல ஃப்ளைட் இஞ்சினியர் "அந்த பான் ஆம் விமானம் இன்னும் விலகலயா"ன்னு கேட்டாரு, கேப்டன் விலகிடுச்சுன்னுட்டாரு, அதுக்கு மேல இஞ்சினியர் வற்புறுத்தல. இந்த மாதிரி விபத்துகளுக்கு அப்புறம் விமானத்துறை பயந்த சுபாவம் உள்ளவங்கள வடிகட்டி வெளிய அனுப்பல, ஜூனியர் திருப்பிக் கேக்கறதும் கேப்டன் அத காது குடுத்துக் கேக்கறதும் வேலையோட பகுதின்னு பயிற்சி குடுக்க ஆரம்பிச்சாங்க. ஆபரேஷன் தியேட்டர்ல உலக சுகாதார நிறுவனத்தோட செக்லிஸ்ட்டும் இதே வகைதான், வெட்டறதுக்கு முன்னாடி எல்லாரும் பேரும் வேலையும் சொல்லணும், நர்ஸும் தன் சந்தேகத்த சொல்ல ஒரு இடம் இருக்கும். டெல்லி உட்பட எட்டு நகரத்துல பாத்து 2009ல வெளியிட்டதுல சாவு 1.5%ல இருந்து 0.8%க்கு இறங்குச்சு. கனடால ஒன்டாரியோல 101 ஆஸ்பத்திரில 2014ல பாத்தப்ப சொல்லிக்கற மாதிரி மாற்றம் வரல. காகிதத்துல டிக் போடறதும் நிஜமாவே நின்னு பேசறதும் வேற வேறங்கறது என்னோட கணிப்பு.

ஆக நான் அவளுக்குச் சொன்னது, சோஷியல் அப்ரோச்ச எடு, ஆனா பர்சனாலிட்டிய தூக்கிப் போடாத. அவங்க காலேஜ்ல சிமுலேஷன் லேப் இருக்கு, பொம்மை பேஷண்ட், மானிட்டர் எல்லாம் உண்டு. அங்க மூணு விதமா ஒரே சீன அமைக்கலாம்: தப்பான டோஸ போன்ல சொல்றது, நேர்ல நின்னு சொல்றது, நேர்ல சொல்லும்போது பக்கத்துல இன்னொரு நர்ஸ் இருக்கறது. யாருக்கு எந்த சீன்ங்கறத குலுக்கிப் போட்டு முடிவு பண்ணணும். பர்சனாலிட்டி ஸ்கேல முன்னாடியே நிரப்ப வெச்சுக்கிட்டா கைடு மேடம் கேட்டதும் உள்ள வந்துடும், ரெண்டுல எது எவ்ளோ விளக்குதுன்னு பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கலாம். பொம்மைங்கறதால நிஜ வார்டு அளவுக்கு வராது, அதனால மொத்தத்துல எத்தன சதவீதம் கீழ்ப்படிஞ்சாங்கங்கறத முடிவா எழுதாம மூணு சீனுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்த மட்டும் எழுதச் சொல்லிருக்கேன். சீன் முடிஞ்ச உடனே, அதே ரூம்லயே, எல்லாத்தையும் விளக்கிடணும், ஒருத்தர் கூட நைட்டு தூங்காம போகக் கூடாது, இதுல மட்டும் நான் பிடிவாதமா இருந்தேன்.

கைடு மேடம் மொதல்ல ஒத்துக்கல. ஹாஃப்லிங்கோட அந்த ரெண்டு நம்பரயும், பேப்பர்ல கேட்டதயும் டூட்டில நடந்ததயும், ஒரே ஸ்லைடுல போட்டுக் காட்டினாளாம், கொஞ்ச நேரம் பாத்துட்டு "நானே ஸ்டூடண்டா இருந்தப்ப இப்படி ஒண்ணு பண்ணிருக்கேன்"னு சொல்லி ப்ரொபோசல்ல கையெழுத்து போட்டாங்களாம். எதிக்ஸ் கமிட்டி அடுத்த வியாழக்கிழமை. சம்மதப் படிவத்துல எவ்ளோ சொல்லலாம், எத சொல்லாம வெக்கலாம்ங்கற பத்தி மட்டும் இன்னும் முடியல, இன்னிக்கு நைட்டும் பத்தரைக்குக் கூப்பிடறேன்னிருக்கா.